சிட்டையா, ஆப்பா, டேலியா? சேலத்துக் கொலுசுப் பட்டறைக்கு எது சரிவரும்

செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஏழெட்டுப் பேருக்கு நான் மாதக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். ஒருவர் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார், இரண்டு பேர் போனில் ஆப், ஒருவர் கம்ப்யூட்டரில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், மற்றவர்கள் மூன்றையும் கலந்து வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி நெருங்கும்போது பையோடு வந்து நிற்பார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "நாங்க எதுக்கு மாறலாம், சொல்லுங்க தம்பி." ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேகம் என்று பார்த்தால் ஆப் ஜெயித்துவிடும், பேச்சே முடிந்துபோகும். நான் பார்ப்பது வேறு. ஒரு வரவோ பற்றோ எழுதப்பட்டால், அது எழுதியவர் கையில் மட்டும் இருக்கிறதா, இல்லை கொடுத்தவர் வாங்கியவர் இரண்டு பேர் கையிலும் இருக்கிறதா? பட்டறையில் சண்டை வருவதெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான். மாநகராட்சி வரி ரசீது வரைக்கும் இதே கதைதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொலுசுக் கணக்கு மளிகைக் கணக்கு மாதிரி இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு ஓடும், வெள்ளி ஒன்று, ரூபாய் ஒன்று. பட்டறைக்காரர் ஆயிரம் கிராம் வெள்ளியை எடை போட்டுத் தொழிலாளியிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் கழித்து 952 கிராம் கொலுசாகவும் 36 கிராம் வெட்டுத்துண்டும் துகளுமாகவும் திரும்பி வருகிறது (பற்றவைக்கும் பொடியின் எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்). மொத்தம் 988, குறைவது 12. கிலோவுக்கு 10 கிராம் சேதாரம் என்று பேசியிருந்தால் மிச்சம் 2 கிராம் தொழிலாளி பெயரில் பாக்கி நிற்கும். கூலி தனியாக ரூபாயில் போகும். இதற்கு மேல் டச், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்ற கணக்கு வேறு. 80 டச் என்றால் கிலோவில் 800 கிராம்தான் சுத்த வெள்ளி, அதனால் எடையை மட்டும் எழுதி வைத்தால் பாதிக் கணக்குதான் எழுதியதாக ஆகும்.

அந்த 2 கிராம் 2019ல் பெரிய விஷயமில்லை. கிலோ 40,000 ரூபாயைச் சுற்றி இருந்தபோது அது 80 ரூபாய், "சரி விடு" என்று போய்விடுவார்கள். 2025ல் கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபிறகு அதே 2 கிராம் 200 ரூபாய்க்கு மேல், மாதத்தில் பத்து முறை கொடுத்து வாங்கினால் இரண்டாயிரம் ஆகிவிடும், கூலிக்கு வேலை செய்கிற வீட்டில் அது ஒரு மாத அரிசி. கணக்கைப் பற்றி இப்போது இவ்வளவு பேர் கேட்பதற்குக் காரணம் டெக்னாலஜி மோகம் இல்லை, வெள்ளி விலை.

முதலில் சிட்டை, அதாவது கையால் எழுதும் கணக்கு நோட்டு. இதைப் பழசு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. நல்ல பட்டறையில் முதலாளியிடம் ஒரு நோட்டு, தொழிலாளி சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு, தராசில் எடை நிற்கும்போதே இரண்டிலும் ஒரே எண்ணை எழுதுவார்கள். சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், ஓடிபி வேண்டாம். பிந்திய தேதியில் யாராவது எண்ணை மாற்றினால் அடித்தல் திருத்தல் கண்ணுக்குத் தெரியும், அடுத்தவர் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். பல சாஃப்ட்வேர்களுக்கு இல்லாத பாதுகாப்பு இருபது ரூபாய்க்குக் கடையில் வாங்கும் இந்த நோட்டில் இருக்கிறது.

ஆனால் சிட்டை அதை எழுதியவரோடு போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் அப்பா திடீரென்று தவறிப்போனார். மகன் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். ஒரு பக்கம் முழுக்க "ரா 2கி ப14", "செ பழசு 640 போக" என்று ஓடியது. ரா என்பது ராஜாவா, ராமுவா? ப14 என்பது பாக்கி 14 கிராமா, பதினாலாம் தேதியா? மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, தொழிலாளிகளின் குட்டி நோட்டுகளை வாங்கி வைத்து ஒத்துப் பார்த்துத்தான் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வெள்ளி வெளியே நிற்கிறது என்று கண்டுபிடித்தோம். குட்டி நோட்டு வைத்திராத இரண்டு பேரின் கணக்கு இன்றுவரை தீரவில்லை. அதோடு, ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வருடாந்திர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குப் புத்தகத்தை வைத்திருக்க வேண்டும். உருக்கும் இடத்தில் கரியும் புகையுமாகக் கிடக்கிற நோட்டு ஆறு வருடம் தாங்காது.

அடுத்து போன் ஆப். கடன் கணக்கு ஆப்களில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், நீங்கள் எழுதிய நிமிடமே எதிராளி போனுக்கு மெசேஜ் போய்விடும். நான் சொல்லும் இரண்டு கை அதில் தானாகவே அமைந்துவிடுகிறது. கொலுசு வாங்கும் கடைக்காரரிடம் ரூபாய் பாக்கி வசூலிக்க இதைவிட நல்ல வழி இல்லை, போன் போட்டு நினைவுபடுத்தும் சங்கடமே குறைந்துவிட்டது என்று ஒரு அக்கா சொன்னார்.

சிக்கல் எங்கே என்றால், நான் பார்த்த ஆப்கள் ரூபாய்க்குச் செய்தவை, கிராமுக்கு அதில் கட்டம் இல்லை. நம் ஆட்கள் கிராமை ரூபாய்க் கட்டத்தில் எழுதுவார்கள். ஒரு தொழிலாளி பதறிப்போய் என்னிடம் வந்தார், அவர் போனில் "உங்கள் பாக்கி ரூ. 12" என்று வந்திருந்தது, 12 கிராம் என்பது அவருக்கும் தெரியும், ஆனால் நாளைக்கு 12 ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கணக்கை நேராக்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால் எந்த ஊரில் போய் நியாயம் கேட்பது? இன்னொன்று, கணக்கு முழுக்க ஒரு போன் நம்பரோடு கட்டியிருக்கும். எனக்கே நடந்தது. பழைய சிம் ரீசார்ஜ் விட்டுப்போய் நம்பர் போனது, புது நம்பரில் உள்ளே போக முடியவில்லை, உதவி மையத்துக்கு எழுதிப் பார்த்தேன், பதில் வந்தது, கணக்கு வரவில்லை. இரண்டு மாத வரவு செலவை வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்துத் திரும்ப எழுதினேன். அன்றிலிருந்து ஆப் வைத்திருப்பவர்களிடம் சனிக்கிழமைதோறும் பிடிஎஃப் எடுத்து இன்னொரு போனுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

டேலிக்கு வருவோம். கூலி வேலைக்குப் பொருள் வெளியே போவது, உள்ளே வருவது இரண்டுக்கும் அதில் தனித்தனி வவுச்சர் உண்டு. ஒவ்வொரு தொழிலாளியையும் ஒரு குடோனாக வைத்து, 80 டச் வெள்ளி, சுத்த வெள்ளி, துகள் என்று ஒவ்வொன்றையும் தனி ஐட்டமாகப் பிரித்துவிட்டால், இன்றைக்கு யாரிடம் எத்தனை கிராம் நிற்கிறது என்பது ஒரு பட்டனில் வந்துவிடும். வெள்ளிக் கொலுசுக்கு 3 சதவீதம், கூலி பில்லுக்கு 5 சதவீதம் என்று ஜிஎஸ்டி பிரியும் இடத்திலும் தடுமாற்றம் இல்லை. பத்துத் தொழிலாளிக்கு மேல் வைத்திருப்பவர் தயங்காமல் இதற்கு வந்துவிடலாம், முதல் இரண்டு மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றிலும் தொழிலாளியின் கண்ணுக்கு எட்டாதது இதுதான். திரை முதலாளி அறையில், பாஸ்வேர்ட் ஆபரேட்டரிடம். போன மாதத்து எடையை இன்றைக்கு மாற்றினால் அடித்தல் திருத்தல் எதுவும் தெரியாது. கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் உள்ள சாஃப்ட்வேர்தான் வைத்திருக்க வேண்டும், யார் எப்போது எதை மாற்றினார் என்பது அதில் பதிவாகும். தனி ஆள் நடத்தும் பட்டறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாவிட்டாலும் எடிட் லாக் உள்ள பதிப்பையே போடுங்கள் என்று நான் வற்புறுத்துகிறேன். அப்புறம் ஒவ்வொரு எடைக்கும் இரண்டு பிரிண்ட், ஒன்றில் தொழிலாளி கையெழுத்து, இன்னொன்று அவர் வீட்டுக்கு. காகிதச் செலவு என்று முனகியவர்கள் உண்டு. 2 கிராம் வெள்ளியின் விலைக்கு எத்தனை தாள் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், ஒப்புக்கொண்டார்கள்.

ரொக்கமா யுபிஐயா என்ற கேள்வியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2025 ஜூலையில் கர்நாடகாவில் யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு வரி நோட்டீஸ் போனது, காய்கறி விற்பவருக்குக்கூட. அந்தச் செய்தி வந்த வாரம் இங்கே லீ பஜார் பக்கத்திலும் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். பொருள் விற்பவர்களுக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டும், அது ரொக்கமாக வந்தாலும் போனில் வந்தாலும் ஒன்றுதான். அட்டையைக் கழற்றினால் வரி குறையாது, முத்ரா கடனுக்குப் போகும்போது காட்ட ஸ்டேட்மென்ட் மட்டும் இல்லாமல் போகும். தம்பி கைமாற்றாக அனுப்பிய பணமும் வியாபாரப் பணமும் ஒரே கணக்கில் விழுவதுதான் ஆபத்து, அதற்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்று போதும்.

ஏற்காட்டில் மிளகும் காப்பியும் வாங்கி விற்கும் நண்பர் ஒருவருக்கு மட்டும் நான் சிட்டையைத்தான் முதலில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி எஸ்டேட் பாதைக்குள் போனால் சிக்னல் வரும் போகும். எடை போடும் இடத்தில் நோட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஆப், அவருக்கு அதுதான் சரி.

இப்போது மாநகராட்சி. 2016 செப்டம்பரில் வந்த ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேலத்தின் பெயர் இருந்தது. அதன்பிறகு ஊரில் என்னென்ன கட்டினார்கள் என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்குத் தினசரி கண்ணில் படும் மாற்றம் சொத்து வரி. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று உங்கள் மண்டல அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று கட்டலாம், வீட்டிலிருந்தே இணையத்தில் கட்டலாம், இல்லை தெருமுனை பிரவுசிங் சென்டரில் கொடுத்துக் கட்டச் சொல்லலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். இதைத் தவறவிடாமல் இருக்க இணையம்தான் சுலபம்.

மூன்றில் நான் வேண்டாம் என்று சொல்வது மூன்றாவதைத்தான், அதுவும் அனுபவத்தில். அம்மா பெயரில் இருக்கும் வீட்டுக்கு ஒரு சென்டரில் வரி கட்டினோம். வரி விதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் மாறி, யாரோ ஒருவர் வீட்டு வரியை நாங்கள் கட்டிவிட்டோம். போன் நம்பர் என்று கேட்ட இடத்தில் சென்டர்க்காரர் தன் நம்பரைப் போட்டிருந்தார், அதனால் ரசீது மெசேஜ் எங்களுக்கு வரவே இல்லை. ஆறு மாதம் கழித்து நிலுவை என்று சீட்டு வந்தபோதுதான் தெரிந்தது. கவுன்டரில் கட்டியிருந்தால் கையில் கொடுத்த ரசீதில் வேறொருவர் பெயரைப் பார்த்து அங்கேயே கேட்டிருப்போம். நாங்களே கட்டியிருந்தால் பணம் அனுப்புவதற்கு முன்னால் திரையில் அந்தப் பெயர் வந்திருக்கும், அம்மாவே "இது யாருடா" என்றிருப்பார்.

தெருவிளக்கு, சாக்கடைப் புகாரும் அப்படித்தான். வார்டு ஆளிடம் வாயால் சொன்னால் சில நேரம் அன்றைக்கே வேலை நடக்கும், அதை நான் மறுக்கவில்லை, முதலில் அவரிடமே சொல்லுங்கள். இரண்டு நாளில் நடக்கவில்லை என்றால் முதல்வர் உதவி மைய எண் 1100க்குப் போன் போட்டு மனு எண் வாங்கிவிடுங்கள். அந்த எண் கையில் இருந்தால் அடுத்த முறை பேச்சை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

கொலுசுக்கு ஹால்மார்க் பற்றியும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளி நகைக்கும் ஹெச்யூஐடி எண், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஹால்மார்க் அடையாள எண் வந்துவிட்டது, விருப்பம் இருந்தால் போடலாம். 800 முதல் 999 வரையிலான தரங்களுக்குத்தான் அது கிடைக்கும், 80 டச்சுக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு இல்லை. கடை முத்திரையை வாங்குகிறவர் நம்ப மட்டும்தான் முடியும். இந்த எண்ணை அவரே, ஹால்மார்க் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் ஆப்பில் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். தரமாக உருக்குகிற பட்டறைகள் இதற்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

நாலைந்து தொழிலாளிகள் என்றால் வெள்ளிக்கு இரட்டைச் சிட்டை, ரூபாய்க்கு ஆப். பத்தைத் தாண்டினால் டேலி, எடிட் லாக்கோடு, இரண்டு பிரிண்ட்டோடு. இப்போதைக்கு எதையும் மாற்ற நேரமில்லை என்பவர்கள் நாளைக் காலையிலிருந்து ஒன்றை மட்டும் செய்யுங்கள். தராசில் எடை நிற்கும்போது தட்டும் எண்ணும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, அந்தத் தொழிலாளியின் வாட்ஸ்அப்புக்கு உடனே அனுப்புங்கள். அவரிடம் பட்டன் போன் என்றால் வீட்டில் மகளிடமோ மகனிடமோ நம்பர் இருக்கும், கேட்டு வாங்கி அதற்கு அனுப்புங்கள்.