துலாம்பென் லிபர்ட்டி கப்பல்: விடிவதற்குள் இறங்கிவிடுங்கள்

பாலிக்குப் போனால் துலாம்பென்னில் மூழ்கிக் கிடக்கிற லிபர்ட்டி கப்பலுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா என்று டைவிங் கற்ற நண்பர்கள் கேட்கிறார்கள். ஒதுக்கலாம். ஆனால் முந்தின இரவே அந்த ஊருக்குப் போய்த் தங்கிவிடுங்கள்.

நான் இரண்டு முறை இறங்கினேன். முதல் முறை தெற்கு பாலியிலிருந்து ஒரு டைவிங் கடைக்காரர்கள் வேனில் கூட்டிப்போனார்கள். போய்ச் சேரும்போது மணி பத்தரை. தண்ணீருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் காலில் மாட்டியிருந்த நீச்சல் துடுப்பு (ஃபின்) முகத்துக்கு நேராக வந்தது. அவர்கள் கொடுத்த ரப்பர் ஷூவோ அடி தேய்ந்தது. அந்தக் கரையில் மணல் கிடையாது, முழுக்க எரிமலையின் கருங்கற்கள், உருண்டை உருண்டையாக. அலை பின்வாங்கும்போது காலடியில் கல் உருளும். முதுகில் காற்று சிலிண்டரோடு விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டேன். கெட்டியான அடியுள்ள ஷூவைக் கேட்டு வாங்குங்கள். அலை பெரிதாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மனம் ஆறவில்லை. இரவு அங்கேயே தங்கி, மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு உள்ளூர் வழிகாட்டியோடு போனேன். ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கற்கள் மேல் விறுவிறுவென்று நடந்தார்கள். நான் வெறுங்கையோடு தடுமாறிக்கொண்டு பின்னால் போனேன்.

படகு வேண்டாம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே கப்பல்தான். இவ்வளவு கிட்டத்தில் கிடப்பதற்குக் காரணம் உண்டு. 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று இந்த அமெரிக்கச் சரக்குக் கப்பலை டார்பிடோவால் அடித்தது. சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகும் வழியில் தண்ணீர் ஏறிவிட, இங்கே கரையேற்றிவிட்டார்கள். கரையிலேயே இருபத்தொரு வருஷம் கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோதுதான் கடலுக்குள் சரிந்தது.

ஏறத்தாழ 120 மீட்டர் நீளம். மேல்பகுதி 5 மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடும், அடிப்பகுதி 30 மீட்டரை நெருங்கும். ஓப்பன் வாட்டர் என்கிற முதல்நிலை டைவிங் பயிற்சியை மட்டும் முடித்தவர்கள் 18 மீட்டருக்குக் கீழே போக முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எனக்குப் பிடித்ததெல்லாம் அதற்கு மேலேதான் இருந்தது. மேலே வருவதற்கு முன் பாதுகாப்புக்காக நிற்கிற கடைசி மூன்று நிமிஷத்தையும் சரிவிலேயே மீன் பார்த்துக்கொண்டு முடித்துவிடலாம்.

காலையில் என்ன விசேஷம் என்றால், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள். இரவில் கப்பலுக்குள் தூங்கிவிட்டு விடிந்ததும் கூட்டமாகக் கிளம்பும். என் கைநீளத்தை விடப் பெரிய ஒன்று இரண்டு மீட்டர் தள்ளி வந்து நின்றது. அலகு போன்ற பற்களில் பச்சையாகப் பாசி. பவளத்தை அது கடித்த சத்தம் நறுக்கென்று எனக்குக் கேட்டது. அப்புறம் வாய்க்குள் போன பவளம் பின்னால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

கப்பல் பல இடங்களில் பிளந்து கிடப்பதால் வெளியிலிருந்தே உள்பக்கம் நன்றாகத் தெரியும். பயிற்சி இல்லாமல் இடுக்குகளுக்குள் நுழையாதீர்கள். எதையும் பிடிக்கவும் வேண்டாம். துருப்பிடித்த பழைய இரும்பு, அதன் மேல் விரல்கடை இடம் விடாமல் உயிர்கள்.

மேலே வந்தபோது மணி ஏழு. முதல் வேன் இன்னும் வந்திருக்கவில்லை. டைவிங் தெரியாத என் தங்கை மாஸ்க்கும் மூச்சுக்குழலும் (ஸ்நார்க்கல்) மாட்டிக்கொண்டு, கப்பலின் மேல்பகுதிக்கு நேர் மேலே எங்கள் குமிழிகளைப் பின்தொடர்ந்து நீந்திக்கொண்டிருந்தாள். கூப்பிட்டும் அவள் கரைக்கு வரவில்லை.