பழைய சேணம் விற்பது: மரியாதையும் உண்டு, 'மீடியம்' என்ற தலைவலியும் உண்டு

உபயோகித்த சேணத்தைக் கடையில் தள்ளிவிடலாமா, நேரே இன்னொரு குதிரைக்காரரிடம் விற்கலாமா என்று நண்பர் கேட்டார். இரண்டையும் பல வருடம் செய்து பார்த்த வகையில் என் ஓட்டு நேரடி விற்பனைக்குத்தான். போன வாரம் கேட்டிருந்தால் இதை இன்னும் உற்சாகமாகச் சொல்லியிருப்பேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குதிரை வைத்திருப்பவர்கள் அடுத்தவர் தோலைத் தன் தோல்போல நினைக்கிறார்கள். வாங்கும் முன் தங்கள் குதிரையில் போட்டுப் பார்க்க எடுத்துப்போகும் சேணத்தின் அடியில் துவைத்த மெல்லிய பருத்தித் துணி விரிப்பார்கள். அங்கவடி, அதாவது ஏறுபவர் பாதம் நுழைக்கும் வளையம், தொங்கும் வார் பக்கவாட்டு மடலில் உரசித் தடம் பதிக்கும் என்பதால், விரல்பக்கம் வெட்டிய பழைய காலுறையை வார்மேல் மாட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பி அனுப்பும்போது இரும்பு அங்கவடிகளைக் கழற்றித் தனியே சுற்றி வைப்பார்கள். சேணத்தோடு சேர்த்துக் கட்டினால் வழியில் ஆடி இருக்கையில் பள்ளம் விழும். முன் வளைவுக்கும் பின்மேட்டுக்கும் இரட்டை அட்டை. எந்தக் கடையும் இவ்வளவு பார்க்காது.

இனி 'மீடியம்'. சேணத்தின் அகலத்துக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் மீடியம் இன்னொருவரின் மீடியம் வைடு. சிலர் சேணத்துக்குள் எலும்புக்கூடுபோல இருக்கும் உள்சட்டத்தின் முன்பக்க முனைகளுக்கு நடுவே அளப்பார்கள், சிலர் முன்பக்க ஆணிகளுக்கு நடுவே. அகலம் ஒன்றாக இருந்தாலும் கோணம் வேறாக இருந்தால் முனைகள் தோளில் குத்தும். அந்தச் சட்டத்தின் முன்தகட்டை ஒருமுறை விரித்தோ குறுக்கியோ இருந்தால் மடலுக்கு அடியில் பொறித்திருக்கும் அளவுக்கும் அர்த்தமில்லை. இதற்குமேல் சேணத்தின் அடிமெத்தைக்குள் அடைத்திருக்கும் கம்பளி. அது அமுங்க அமுங்கச் சேணத்தின் முன்பக்கம் தாழ்ந்து, அகலமானதுபோல நடிக்கும். இத்தனைக்கும் பிறகு வருகிற முதல் கேள்வி: "மீடியம்தானே? என் குதிரைக்குச் சேருமா?"

இதற்கு ஒரே மருந்து கோட்டுப்படம்தான். வளைத்தால் அப்படியே நிற்கும் அளவுகோலைச் சேணத்தின் முன்பக்க அடிமெத்தையின் உள்வளைவில் அழுத்தி, தாளில் வரைந்து, மில்லிமீட்டர் கோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். வாங்குபவரிடமும் குதிரையின் கோட்டைக் கேளுங்கள். குதிரை சமதரையில், நான்கு காலிலும் எடை சமமாக, தலை நிமிராமலும் குனியாமலும் நிற்க வேண்டும். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி ஒரு கோடு, முதுகின் பள்ளத்தில் ஒன்று, கடைசி விலா அருகே ஒன்று, முதுகு நெடுகிலும் ஒன்று. விவரம் தெரிந்தவர்கள் கேட்காமலே நான்கையும் அனுப்புவார்கள். மற்றவர்கள் குதிரை புல் மேயும் படத்தை அனுப்புவார்கள். குனிந்த முதுகு அளவுக்கு உதவாது. அழகான குதிரைதான், சந்தேகமில்லை.

விளம்பரத்துக்கு முன் உள்சட்டத்தைச் சோதிக்காமல் விற்பது பாவம். முன் வளைவைத் தொடையில் முட்டுக் கொடுத்து, பின்மேட்டைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் சட்டம் கொஞ்சம் வளையும், விட்டால் திரும்பும். அளவுக்குமீறி வளைந்தாலோ, 'கிரீச்' என்றாலோ, இருக்கையின் குறுக்கே மடிப்பு விழுந்தாலோ சந்தேகப்படுங்கள். பிறகு முன்பக்க முனைகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அங்கே அசைவோ சொடுக்கோ கூடாது. அடுத்து வயிற்று வாரை மாட்டும் மூன்று பட்டைகள். பெரும்பாலும் முதல் பட்டை தனி நாடாவிலும் மற்ற இரண்டும் ஒரே நாடாவிலும் தைத்திருக்கும். அதனால்தான் முதல் பட்டையோடு மற்ற இரண்டில் ஒன்றைச் சேர்த்து மாட்டுவது. ஒரு நாடா அறுந்தாலும் இன்னொன்று தாங்கும். பின்னிரண்டை மட்டும் மாட்டி ஓட்டிய சேணமென்றால் அந்த நாடாவை இருமுறை பாருங்கள். நீள்வட்டமாக இழுத்த துளையையும் இற்ற தையலையும் முதல் படத்திலேயே காட்டிவிட்டால் பேரம் சீக்கிரம் முடியும். இருக்கை அளவை முன்வளைவின் பக்கவாட்டுக் குமிழிலிருந்து பின்மேட்டின் நடுவரை எடுங்கள். அங்கவடி வார்களை அருகருகே தொங்கவிட்டு அளந்து பாருங்கள். எல்லோரும் இடப்பக்கம் ஏறுவதால் இடது வார் நீண்டிருக்கும்.

மற்ற சாமான்களில் பெரிய சிக்கல் இல்லை. கம்பளிப் போர்வையைத் துவைத்துக் காயவைத்துத்தான் தரவேண்டும், படர்தாமரைப் பூஞ்சை அதில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வளையம் சுழலும் கடிவாள இரும்பில் துளையின் விளிம்பு தேய்ந்து கூர்மையாகியிருந்தால் உதட்டோரத்தைக் கிள்ளும், விற்காதீர்கள். தலைக்கவசத்தை யாருக்கும் விற்கவே கூடாது. உள்ளே நசுங்கிய நுரை வெளியே தெரியாது.

ஆனால் என் கோபம் மீடியத்தோடு நிற்கவில்லை. மரியாதை அளவுமீறினால் என்ன ஆகும் என்பதையும் இதில்தான் பார்க்கலாம். "சும்மா திருப்பித் தருவதா" என்று சேணத்துக்கு எண்ணெய் குளியல் நடத்தி அனுப்புவோர் உண்டு. அதிக எண்ணெயில் தோல் தொளதொளக்கும், நிறம் கறுக்கும், தையல் நூல் வலுவிழக்கும், பூசணம் வரும், அடுத்தவர் வெளிர்நிறக் காற்சட்டையில் ஒட்டும். ஈரப் பஞ்சில் கொஞ்சம் கிளிசரின் சோப்பு போதும். இன்னொரு சாரார் 'வேண்டாம்' என்று சொல்லவே கூச்சப்படுவார்கள். "அருமையான சேணம், யோசித்துச் சொல்கிறேன்" என்றுவிட்டு இரண்டு வாரம் மௌனம். சேணம் அவர்கள் லாயத்தில், விளம்பரம் நிறுத்தத்தில். திட்டவும் முடியாது, அவ்வளவு நல்லவர்கள். போட்டுப் பார்க்க ஏழு நாள், முழுத்தொகை முன்பணம், திருப்பியனுப்பும் செலவு வாங்குபவருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு கொடுங்கள்.

ஆக, நண்பருக்குப் பதில்: நேரே விற்றுவிடுங்கள், இவர்களைவிட நல்ல மனிதர்கள் கிடைக்கமாட்டார்கள். என்னிடம் இன்னும் ஒரு சேணம் பாக்கி இருக்கிறது. பதினேழரை அங்குலம், மீடியம். அதைக் கடையில் போடப்போகிறேன்.