புதுநன்மை கவுன் தைத்த கடை: தையல் அருமை, மெழுகுவர்த்தி மோசம்

போன மே மாதம் மகளுக்குப் புதுநன்மை, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள் பூசையில் முதன்முதலாக நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கும் நாள். தூத்துக்குடியில் ஒரு சின்னத் தையல் கடையில் கவுன் தைத்தோம். குறையும் சொல்லப் போவதால் கடைப் பெயரைப் போடவில்லை, தைக்கக் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று மற்ற அம்மாக்களுக்குத் தெரிந்தால் போதும்.

நான் செல்போனில் காட்டியது உள்ளே வளையம் வைத்துக் குடை மாதிரி விரியும் கவுன். தையல்கார அக்கா அதைப் பார்த்துவிட்டு என் மகளிடம், "பாப்பா, முழந்தாள் போட்டுக் காட்டு" என்றார். அவள் முழந்தாளிட்டதும் அளவு எடுத்தார். "வளையம் வைத்தால் பிள்ளைக்குப் பெஞ்சில் உட்காரவும் முடியாது, முழந்தாள் போடவும் முடியாது, பூசை முழுக்க உடையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பாள்" என்று சொல்லிவிட்டு, கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே நிற்கிற மாதிரி, உள்ளே பருத்தித் துணி கொடுத்துத் தைத்தார். கவுனுக்கு 2,800 ரூபாய். மே மாத வெயிலில் மற்ற பிள்ளைகள் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தபோது இவள் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு அது போதும். புதுநன்மையின் வெள்ளை உடை ஞானஸ்நானத்தில் போர்த்திய வெள்ளை ஆடையை நினைவுபடுத்துவது, அதில் பாசிமணியும் ஜரிகையும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது என் எண்ணம்.

பூக்கிரீடம், தலையில் போடும் நெட், ஜெபமாலை, உத்தரியம் (கழுத்தில் போடும் சின்னத் துணி மாலை), மெழுகுவர்த்தி சேர்ந்த செட் தனியாக 650 ரூபாய். இதில் மெழுகுவர்த்தி மோசம். கையில் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே வளைந்தது, மெழுகு ஒழுகாமல் தடுக்கும் காகிதக் கிண்ணமும் இல்லை, தலையில் நெட் தொங்கும் பிள்ளை கையில் அதைக் கொடுக்கவே பயமாக இருந்தது. ஞானஸ்நானத்தன்று ஞானத்தாயும் ஞானத்தந்தையும் இவளுக்காகச் சொன்ன "விசுவசிக்கிறேன்" என்பதைப் புதுநன்மைப் பூசையில் இவளே எரியும் திரியோடு நின்று சொல்கிறாள். அந்த நேரத்தில் என் கண் முழுக்கத் தீயின் மேல்தான் இருந்தது.

அடுத்த குறை தாமதம். புதன்கிழமை தருகிறோம் என்ற கவுன் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத்தான் கிடைத்தது. அன்று சாயங்காலம்தான் மகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. எட்டு வயதுப் பிள்ளை என்ன சொல்வது என்று பயந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நான் கடை வாசலில் நின்றேன். மாமியார்தான் கூடப் போனார். நன்மைக்கு முன் மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருந்த காலத்தில் புதுநன்மை வாங்கியவர் அவர், இப்போது ஒரு மணி நேரம்தான் என்று சொல்லிப் பிள்ளையைத் தேற்றியிருக்கிறார். அந்த சனிக்கிழமையை எனக்குத் திருப்பித் தர முடியாது, இதை அக்காவிடமும் நேரில் சொன்னேன், அவர் வருத்தப்பட்டார்.

இரண்டு வருடம் கழித்து இவள் தம்பியின் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டையும் பேண்ட்டும் இதே அக்காவிடம்தான் தைப்பேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும்போதே துணியைக் கொடுத்துவிடுவேன், மெழுகுவர்த்தியைக் கோயில் ஸ்டாலில் வாங்கிக்கொள்வேன்.