ஜோதியா, தீபக்கா, ஆதித்யாவா? நடுக்கடலில் எண்ணெய் போடும் கப்பலை எப்படி வாங்குவது

கடலே இல்லாத சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு ஏன் கடற்படைக் கப்பல் பேச்சு என்று நினைப்பவர்கள் ஒருநாள் விடியற்காலையில் காந்தி மைதானத்துக்கு வந்து பாருங்கள். அக்னிவீர் தேர்வுக்கு ஓடிவிட்டு மூச்சு வாங்க உட்காரும் பையன்களிடம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் எத்தனை டன், பிரம்மோஸ் ஏவுகணை என்ன வேகம் என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். இந்தக் கப்பல்களுக்கெல்லாம் நடுக்கடலில் டீசல் போடுவது யார் என்று கேட்டால் கப்சிப். 1971 டிசம்பர் 4 ராத்திரி கராச்சியை அடித்த நிபாத், நிர்காத், வீர் மூன்றும் எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கின்றன. கூடவே போன போஷக் என்ற எண்ணெய்க் கப்பலை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த ஏவுகணைப் படகுகள் கரையோரக் காவலுக்குச் செய்தவை. அவ்வளவு தூரம் போய்த் திரும்ப அவற்றின் எண்ணெய் பத்தாது என்பதால்தான் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டே போனார்கள்.

இன்று நம்மிடம் இந்த வேலைக்கு நான்கு பெரிய கப்பல்கள்: ஜோதி, ஆதித்யா, தீபக், சக்தி. நான்கும் ஒரே வழியில் வந்தவை இல்லை. சங்ககிரிப் பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல: வெளியே கட்டி முடித்த வண்டியை வாங்குவதா, சேஸிஸ் எடுத்து இங்கேயே பாடி கட்டுவதா, இல்லை வாடகை வண்டியை வைத்தே காலத்தை ஓட்டுவதா.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம், அப்போதுதான் எது நல்ல கப்பல் என்று பேச முடியும். எண்ணெய்க் கப்பலும் போர்க்கப்பலும் நாற்பது ஐம்பது மீட்டர் இடைவெளியில், ஏறக்குறைய 12 முதல் 14 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில், ஒரே திசையில் பக்கம் பக்கமாக ஓட வேண்டும். முதலில் மெல்லிய கயிறு போகும், அப்புறம் இரும்பு வடம், அதில் தொங்கியபடி குழாய். இரண்டு கப்பல்களுக்கும் நடுவே நெருக்கி ஓடும் தண்ணீர் வேகமெடுத்து, அங்கே அழுத்தம் குறைந்து, இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கும். அதனால் சுக்கான் பிடிப்பவர் ஒரு டிகிரி, அரை டிகிரி என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் மாட்டியிருக்கும் நேரம் முழுக்க இரண்டு கப்பலாலும் சட்டென்று திரும்ப முடியாது, அதாவது பக்கத்தில் நீர்மூழ்கி இருந்தால் அதற்கு விருந்து. ஆகவே எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் பாய்கிறது என்பது சொகுசு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

இனி ஜோதி. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வணிக டேங்கராக வரைந்த வடிவத்தில் எண்ணெய் வழங்கும் கருவிகளைப் பொருத்திக் கட்டி, 1996 ஜூலையில் நம் கடற்படையில் சேர்ந்தது. முழுச் சுமையோடு ஏறத்தாழ 36,000 டன். அப்போதிருந்த விமானந்தாங்கிக் கப்பல் விராட்டே 29,000 டன்னைத் தொடாது, அதனால் நம் கடற்படையின் கனமான கப்பல் பல வருஷம் ஒரு டேங்கர்தான் என்பது பொது அறிவுப் புத்தகம் போடுகிறவர்கள் தவறவிட்ட நல்ல கேள்வி. கொள்ளளவுக்கு இதை அடிக்க ஆளில்லை. குறை வேகத்தில். 15 நாட் என்பது எண்ணெய் கொடுக்கப் போதும், ஆனால் 18, 20 என்று ஓடும் படையணி இதற்காக வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இதை முன்கூட்டியே அனுப்பிவைக்க வேண்டும்.

தீபக், சக்தி இரண்டும் இத்தாலியின் ஃபின்கான்டியேரி கட்டியவை. தீபக் 2011 ஜனவரியில் மும்பையிலும் சக்தி அதே வருஷம் அக்டோபரில் கொச்சியிலும் சேர்ந்தன. 175 மீட்டர், 27,500 டன், 20 நாட், இரட்டை அடுக்கு உடல். ஒரே சமயத்தில் நான்கு கப்பல்களுக்குக் கொடுக்கலாம், மணிக்கு 1,500 டன் வரை பாய்ச்சலாம். மேலே சொன்ன விருந்துக் கணக்கை வைத்துப் பார்த்தால் இந்த ஒரு எண்ணுக்காகவே என் மதிப்பெண் இதற்குத்தான். 2013 நவம்பரில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யாவை ரஷ்யாவின் வடக்குக் கடலிலிருந்து கூட்டிவந்தபோது உடன் வந்ததில் தீபக்கும் உண்டு. சொந்த டேங்கர் கூட இருந்தால் வழியில் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் குடிநீர் ஆலை தீப்பிடித்து ஊரே தவித்தபோது சுமார் ஆயிரம் டன் நல்ல தண்ணீரோடு போய் நின்றதும் தீபக்தான்.

ஆனால் தீபக்குக்கு ஒரு கறை உண்டு, அது எஃகு. இரும்பாலை இருக்கிற ஊர் என்பதால் எஃகுத் தரம் என்றால் இங்கே காது கொடுத்துக் கேட்பார்கள். போர்க்கப்பலுக்கான டி.எம்.ஆர் 249ஏ ரகத்துக்குப் பதிலாக வணிகக் கப்பலுக்குப் போடும் ரகத்தை ஏன் ஏற்றுக்கொண்டீர்கள் என்று தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கையிலேயே கேள்வி எழுந்தது. (இந்த டி.எம்.ஆர் ரகம்தான் விக்ராந்துக்கும் போனது. பிலாய், பொகாரோ, ரூர்கேலாவிலிருந்து போனது. நம் ஊர் ஆலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, அந்தப் பெருமையில் நமக்குப் பங்கில்லை.) டேங்கர்தானே, அது சண்டையா போடப்போகிறது என்று ஒரு பக்கம் சொல்வார்கள். பிரிட்டனே தன் நான்கு டைட் ரக டேங்கர்களைத் தென் கொரியாவின் டேவூ தளத்தில்தான் கட்டிக்கொண்டது என்பதும் உண்மை. ஆனாலும் எதிரி இடத்திலிருந்து யோசித்தால் பத்துப் போர்க்கப்பலைத் துரத்துவதை விட அந்த ஒரு டேங்கரை அடிப்பது லாபம், அதனால் தணிக்கைக்காரர் கேட்டது வீண் கேள்வி இல்லை.

ஆதித்யா நம்மவர் கட்டியது, கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில். பழுது பார்க்கும் பட்டறையும் உள்ளேயே உண்டு, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2004 சுனாமியின்போது மாலத்தீவுக்குப் போன மூன்று கப்பல்களில் இதுவும் ஒன்று. ஆனால் 1980களின் நடுவில் தொடங்கிய கப்பல் 1993-இல் நீரில் இறங்கி 2000 ஏப்ரலில்தான் படையில் சேர்ந்தது. ஒரு டேங்கருக்கு இவ்வளவு காலம்!

வாடகை வழியும் இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவோடு போட்ட தளவாட ஒப்பந்தத்தின்படி 2020 செப்டம்பரில் நம் போர்க்கப்பல் தல்வார் அரபிக்கடலில் அமெரிக்க டேங்கர் யூகானிடம் எண்ணெய் பிடித்தது. சமாதான காலத்தில் இது நல்ல ஏற்பாடு, நம் டேங்கர் அங்கே வரை ஓட வேண்டாம், செலவு மிச்சம். ஆனால் 1971-இல் இதே அமெரிக்கா விமானந்தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸ் தலைமையில் வங்கக்கடலுக்குப் படையணி அனுப்பியது யாரை மிரட்ட என்று நினைவு வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

இப்போது விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு ஐந்து கப்பல்களுக்கு 2023 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது: ஒவ்வொன்றும் 44,000 டன், மொத்தம் சுமார் 19,000 கோடி ரூபாய், 2027 நடுவிலிருந்து வர வேண்டும். அதில் இரண்டைக் கட்டும் வேலை சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி தளத்துக்கு வந்திருக்கிறது. கப்பலாகத் தனித்துப் பார்த்தால் தீபக்தான் இன்று முதலிடம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு கடலோரத்துக்கும் சேர்த்து நான்கே நான்கு, அதில் ஒன்று பழுதுபார்ப்புக்குப் போனால் ஒரு பக்கப் படை ஒற்றை டேங்கரை நம்பி நிற்கும் என்ற நிலையில், ஒரே வடிவத்தில் ஐந்து கிடைப்பது தீபக்கின் எல்லாச் சிறப்பையும் விடப் பெரிது. உதிரி பாகமும் பயிற்சியும் ஒன்றாகிவிடும். பயமெல்லாம் ஆதித்யா போல இழுத்துக்கொண்டே போய்விடுமோ என்பதுதான். அப்படி இழுத்தால் இடைக்காலத்துக்கு என் ஓட்டு ஜோதி மாதிரி ஒரு வணிக டேங்கரைச் சீக்கிரமாக மாற்றி எடுப்பதற்கு, வேகம் 15 நாட் என்றாலும் பரவாயில்லை. வாடகைக்கு இல்லை.