இலையுதிர் காலத்தில் மரம் வெட்ட வருபவர்களிடம் கவனம்

"இலை கொட்டுற நேரம்தான் கவாத்துக்கு, அதாவது கிளை கழிக்கிறதுக்கு, சரியான நேரம். மரம் தூங்கப் போகுது, அதுக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால், வேலையை உடனே கொடுத்துவிடாதீர்கள். எங்களிடம் இப்படித்தான் ஒருவர் வந்தார். மேப்பிளில் காய்ந்த கிளைகளை எடுப்பது, செர்ரியையும் மக்னோலியாவையும் லேசாக ஒழுங்குபடுத்துவது, இவ்வளவுதான் பேச்சு. நாங்கள் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்றும் மொட்டையாக நின்றன. கேட்டால், "அடுத்த வருஷம் இன்னும் அடர்த்தியா வரும் பாருங்க" என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் இது எடுபடுகிறது. காய்ந்த, முறிந்த, நோய் பிடித்த கிளைகளை எந்தப் பருவத்திலும் எடுக்கலாம். இலை கொட்டியபின் எந்தக் கிளை எதோடு உரசுகிறது என்பது நன்றாகத் தெரியும். மேப்பிள், பிர்ச் போன்றவற்றைக் குளிர்காலக் கடைசியில் வெட்டினால் சாறு ஒழுகும். இலை முழுக்க உதிர்ந்தபின், குளிர் தொடங்கும்போது வெட்டினால் அது குறைவு. ஆக மேப்பிளுக்குப் பருவம் பெரிய தவறில்லை, வெட்டிய விதம்தான் தவறு. உச்சியை நேராகச் சீவிவிட்டார். அந்த இடத்தில் இப்போது கொத்துக் கொத்தாகப் போத்துகள், அதாவது புதுக் கிளைகள், கிளம்பியிருக்கின்றன. பார்க்க அடர்த்திதான், ஆனால் அவை மரத்தின் உள்ளிருந்து வந்தவை இல்லை, மேலாக ஒட்டிக்கொண்டிருப்பவை. பெருத்தபின் காற்றில் முறிந்து விழும்.

செர்ரியில் நடந்ததை மன்னிக்கவே முடியவில்லை. செர்ரி, பிளம் வகைகளை இலையுதிர் காலத்தில் வெட்டக் கூடாது, கோடையில்தான் வெட்ட வேண்டும். வெள்ளி இலை நோயை உண்டாக்கும் பூஞ்சையின் வித்துகள் ஈரமான குளிர்ந்த மாதங்களில் காற்றில் அதிகம் பரவும், புதிய வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும். அடுத்த ஆண்டு எங்கள் செர்ரியின் இலைகளில் ஒரு வெள்ளிப் பளபளப்பு தெரிந்தது, அப்புறம் கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தால் நடுவில் பழுப்புக் கறை. மக்னோலியாவுக்கு நோய் எதுவும் இல்லை, ஆனால் வசந்தத்தில் பூக்கவில்லை. அடுத்த பூவுக்கான மொட்டு முந்தைய கோடையிலேயே கட்டிவிடும். அதைத்தான் கிளையோடு வெட்டிப் போட்டிருந்தார்.

இலையுதிர் கால வெட்டில் இன்னொரு சிக்கல், காயம் மூடுவதற்கு மரத்துக்கு நேரம் கிடைக்காது என்பது. மரத்தின் புண் நம் தோல் போல் ஆறாது. சேதமான பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, மேலே புதிய மரத்தை வளர்த்து மூடும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கியது இதைத்தான். வளர்ச்சி நிற்கும் பருவத்தில் வெட்டினால் வசந்தம் வரை காயம் திறந்தே கிடக்கும். இலை கொட்டும் முன்பே, வெயில் இன்னும் இருக்கும்போது வெட்டினால் அது வேறு தொல்லை: புதுத் தளிர் விட்டு, முதல் உறைபனியில் கருகும்.

இதில் அவர் கிளைகளைத் தண்டோடு ஒட்டி வழித்தெடுத்திருக்கிறார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் புடைத்த வளையம் ஒன்று இருக்கும், அதற்குச் சற்று வெளியே வெட்டினால்தான் காயம் நன்றாக மூடும். வளையத்தையும் சேர்த்து அறுத்துவிட்டு, மேலே கறுப்பாக ஒரு பூச்சைத் தடவி, அதற்குத் தனிக் கட்டணம் வேறு. அந்தப் பூச்சு அழுகலைத் தடுக்காது என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். தண்டு முழுக்க ஆணிக் காலணி குத்திய ஓட்டைகளும் இருந்தன. வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்தில் ஏறத்தான் அதைப் போடுவார்கள்.

நோய் வந்தபின் கூப்பிட்டுக் கேட்டேன். "மரம் முன்னாடியே சீக்காத்தான் இருந்துச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். கையில் இருந்த ரசீதில் 'மர வேலை' என்று மட்டும் எழுதியிருந்ததால் மேலே பேச வழியில்லை. யாரிடம் கொடுத்தாலும் எந்த மரம், எந்தக் கிளைகள், எந்த மாதம், எங்கே வெட்டுவார் என்று எழுதி வாங்குங்கள். காய்ந்ததைத் தவிர மரத்தின் கால் பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கிறேன் என்பவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.