அடையாறு முகத்துவாரமா, முட்டுக்காடா: நடந்தே பறவை பார்ப்பவருக்கு எது பொருந்தும்?

சென்னையில் கழிமுகப் பறவைகளை நடந்தே பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு இடையே ஊசலாடுவார்கள்: நகருக்குள் இருக்கும் அடையாறு முகத்துவாரம் ஒன்று, கோவளத்தை ஒட்டிய முட்டுக்காடு மற்றொன்று. குளிர்காலத்தில் இரண்டுக்குமே வலசைப் பறவைகள் வருவதால், பறவைப் பட்டியலைக் காட்டிலும் நம் கால்கள் எதுவரை போகும் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

முட்டுக்காட்டின் பலம் அதன் அகன்ற நீர்ப்பரப்பு. கூழைக்கடாவும் சாம்பல் நாரையும் ஆலாக் கூட்டமும் அங்கே நிறைவாகத் தெரியும். ஆனால் நடப்பவருக்கு வாய்ப்பது பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பாலமும் அதன் ஓரங்களும்தான். பேருந்து ஒன்று கடக்கும்போதெல்லாம் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி நடுங்கி, பார்த்துக்கொண்டிருந்த பறவை கலங்கிப் போகும். படகுச் சவாரி தொடங்கிவிட்டால் அதுவும் இல்லை.

அடையாற்றின் தென்கரையில், 1967இல் கட்டப்பட்டுப் பத்தே ஆண்டுகளில் நீரோட்டத்தில் இடிந்த ‘உடைந்த பாலத்தின்’ அருகே, காலை வெயில் முதுகில் விழ மேற்கு நோக்கி நின்றால் சேற்றுத்திட்டு முழுவதும் நல்ல ஒளியில் இருக்கும். பறவைகள் அவ்வளவு அருகில் தெரிவதால், நிறத்தை நம்பாமல் நடத்தையைக் கொண்டே இனம் பிரிக்கலாம்: சிறிய கரைப்பறவைகளில், உப்புக்கொத்தி நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒருமுறை கொத்திவிட்டு மீண்டும் ஓடும், கொசு உள்ளானோ தலை நிமிராமல் தையல் ஊசிபோலக் கொத்திக்கொண்டே நகரும். இரண்டுக்கும் நடுவே பவளக்காலி தன் சிவந்த நெடுங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடக்கும். இவ்வளவுக்கும் சாதாரண இருகண் நோக்கியே போதும்.

குறைகளும் உண்டு. கழிவுநீர் நாற்றத்தை மறைத்து எழுத முடியாது. அந்தச் சேற்றின் புழுக்களைத் தேடித்தான் பறவைகளும் வருகின்றன என்று நான் சமாதானம் செய்துகொள்வது வழக்கம். அதைவிட முக்கியமானது, முகத்துவாரத்தை அவ்வப்போது அடைத்துவிடும் மணல்மேடு. வாய் அடைபட்டால் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், உள்ளே எட்டாது. ஆற்றுநீர் தேங்கித் திட்டு மூழ்கினால் உள்ளான்கள் வேறிடம் தேடிக்கொள்ளும். ஆகவே ஓத அட்டவணையைப் புரட்டுவதற்கு முன், வாய் திறந்திருக்கிறதா என்று கேட்டறிவது நல்லது.

தொலைநோக்கியும் வண்டியும் உள்ளவர் முட்டுக்காட்டுக்கு வாரநாளில், படகுகள் புறப்படும் முன்பே போகட்டும். நடப்பவருக்கு என் தேர்வு அடையாறுதான். அங்கே கரையோரம் நிற்கும் ஆள்காட்டிப் பறவையிடம் மட்டும் எச்சரிக்கை தேவை: அது ஒருமுறை அலறிவிட்டால் திட்டில் இருப்பவை மொத்தமாக எழுந்துவிடும், அன்றைய காலை அத்துடன் சரி.