கம்பி வலைக்கு வெளியே நிற்பவருக்கு: 70-200 நல்லதா, 100-400 நல்லதா?

பைக் பந்தயத்தைப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால், பாதிப் பேர் யோசிக்காமல் 70-200 எஃப் 2.8 என்பார்கள். (70-200 என்பது மி.மீ.யில் குவியத்தூரம், அது கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் திறப்பு பெரிதாகும்.) ஊடக அனுமதியோடு தடுப்புக்கு உள்ளே நிற்பவருக்கு அது சரியான பதில்தான். டிக்கெட் வாங்கிக்கொண்டு கம்பி வலைக்கு வெளியே நிற்பவருக்கு அல்ல. நான் 70-200-ஐ விற்றுவிட்டு 100-400-க்கு மாறியவன். இரண்டுமே கேனானின் பழைய இ.எஃப். வரிசையின் இரண்டாம் பதிப்புகள். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சுருக்கமாக முடியக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். எடை இரண்டுக்கும் ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான். ஃபில்டர் அளவும் ஒன்றே, 77 மி.மீ. மறுவிற்பனையில் 70-200-க்குக் கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர்கள் உண்டு, 100-400-க்குப் பறவை பார்ப்பவர்கள் உண்டு. எதுவும் முடங்கிக் கிடக்காது. சென்னையின் ஈரக் காற்றில் பூஞ்சை இரண்டையும் பாகுபாடு இல்லாமல் பிடிக்கும்.

தூரத்தில் வித்தியாசம் தொடங்குகிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் நம் பந்தயத்தடம் 3.717 கி.மீ. நீளம். பைக் வழுக்கினால் ஓடி நிற்க வளைவுகளில் வெளியிடம் விட்டிருப்பார்கள். அதற்கும் பின்னால்தான் நமக்கு இடம். பைக் 40 மீட்டர் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுச் சட்டகக் கேமராவில் (36 மி.மீ. அகல சென்சார் உள்ளது) 200 மி.மீ.க்குள் ஏழு மீட்டர் அகலக் காட்சி அடங்கும். இரண்டு மீட்டர் நீள பைக் அதில் கால்வாசியைச் சற்றே தாண்டும். 400 மி.மீ.யில் பாதிக்கு மேல் நிறைக்கும். வெட்டிப் பெரிதாக்கலாமே என்பார்கள். பெரிதாக்கலாம், வெயில் சூட்டில் காற்று நடுங்கும் கானல் அசைவும் கூடவே பெரிதாகும்.

ஆனால் நான் மாறியது இதற்காக அல்ல. கம்பி வலைக்காக.

'எஃப் 2.8 என்றால் வலை மறைந்துவிடும்' என்பது பரவலான நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. முன்னால் இருக்கும் கம்பியைக் கரைப்பது எஃப் எண் அல்ல, லென்ஸ் திறப்பின் விட்டம். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 71 மி.மீ. 100-400-இன் 400 முனையில் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6; 400-ஐ 5.6-ஆல் வகுத்தாலும் அதே 71. எஃப் 2.8-க்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் வலை விஷயத்தில் எந்தச் சலுகையும் வாங்கித் தருவதில்லை.

திறப்பை முழுதாக வைத்துப் படமெடுக்க முடிந்தால்தான் இந்தச் சமநிலையும். பைக் பந்தயத்தில் அது முடிவதில்லை. 1/2000 நொடியில் எடுத்தால் சக்கரக் கம்பிகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி நின்றுவிடும். வண்டி ஓடுகிறதா, ஸ்டாண்டில் நிற்கிறதா என்றே தெரியாது. பேனிங் செய்ய வேண்டும், அதாவது பைக்கோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பியபடி மெதுவான ஷட்டரில் எடுக்க வேண்டும். அதிவேக மோட்டோ ஜி.பி. பைக்குகளுக்கு 1/250 போதும். நம் தேசியப் போட்டியில் ஓடும் 165 சி.சி. வண்டிகளுக்குப் பின்னணி இழுபட்டுத் தெரிய 1/125 வரை இறங்க வேண்டியிருக்கும். உச்சி வெயிலில், குறைந்த ஒளியுணர்வான ஐ.எஸ்.ஓ. 100-இல், 1/125 என்றால் திறப்பு எஃப் 14-க்குச் சுருங்கிவிடும்.

இப்போது மறுபடி வகுத்துப் பாருங்கள். 200 மி.மீ.யில் விட்டம் 14 மி.மீ.; 400 மி.மீ.யில் 28. மூன்று மி.மீ. தடிமனுள்ள கம்பி ஒன்று 14 மி.மீ. திறப்பின் குறுக்கே வந்தால் உள்ளே வரும் வெளிச்சத்தில் கால்வாசியை அடைத்துவிடும். படத்தில் சாம்பல் கோடு. அதே கம்பி 71 மி.மீ. திறப்பில் இருபதில் ஒரு பங்கைத்தான் மறைக்கும், கண்ணுக்கே தெரியாது. 28 மி.மீ. இடைப்பட்டது, தெரியும், உறுத்தாது. கேமராவைத் திருப்பத் திருப்பப் புதுப்புதுக் கம்பிகள் குறுக்கே வருவதால், ஓட்டையில் லென்ஸை வைத்துத் தப்பிக்கும் வித்தையும் பேனிங்கில் செல்லாது.

தீர்வு, வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர். 100-400-க்கு மூன்று நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறைக்கும் என்.டி. 8 போதும், எஃப் 14 என்பது எஃப் 5.6-ஐ ஒட்டி வந்துவிடும், 71 மி.மீ. திரும்பக் கிடைக்கும். 70-200-இல் அதே விட்டத்தைப் பெற ஐந்து நிறுத்தம் வரை குறைக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். ஒரு மேகம் வந்தாலே அதைக் கழற்ற வேண்டும், மேகம் போனதும் மாட்ட வேண்டும். 100-400-இல் மேகமூட்டமான நாளில் ஃபில்டரே தேவைப்படாமல் போகலாம். எஃப் 14-இல் சென்சார் தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும் தொல்லையும் இதோடு தீர்கிறது.

லென்ஸ் எதுவானாலும், விதிகள் அனுமதிக்கும் அளவுக்கு வலையை ஒட்டி நில்லுங்கள். வெயில் பட்டு மின்னும் கம்பியைவிட நிழலில் இருக்கும் கம்பி சீக்கிரம் மறையும். 100-400-இல் ஃபோகஸை மூன்று மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடவைக்கும் பொத்தான் உண்டு. அதைப் போட்டுவிட்டால் வலையைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்காது.

150-600 எங்கே என்று கேட்பீர்கள். கணக்குப்படி வலைக்கு அதுதான் ராஜா: 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. சிக்மாவின் கன்டெம்பரரி மாடல், டாம்ரான் இரண்டிலும் எடை இரண்டு கிலோவை ஒட்டி வருகிறது, ஃபில்டர் அளவு 95 மி.மீ.; அந்த அளவில் நல்ல என்.டி. வாங்கப் போனால் விலை கையைக் கடிக்கும். நண்பரிடம் இரவல் வாங்கிப் பிடித்ததோடு சரி, ஆகவே என் சொல்லைப் பாதி எடைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்: மதியத்துக்குமேல் தோள் ஒத்துழைக்கவில்லை, 600-இல் கானல் அலை கூர்மையைத் தின்றுவிட்டது. மலேசியாவின் செபாங் போன்ற பரந்த தடத்துக்குப் போகிறவர்களுக்கு அது பொருந்தலாம். பயணத்துக்கு முன் டிக்கெட் விதிகளில் லென்ஸ் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

70-200 ஏற்கெனவே கையில் இருந்தால் விற்க அவசரப்பட வேண்டாம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிக் குவியத்தூரத்தை இரண்டு மடங்காக்கும் டெலிகன்வர்ட்டர் போட்டால் அதுவே 400 எஃப் 5.6 ஆகிவிடும், அதே 71 மி.மீ. ஃபோகஸ் வேகம் குறையும். நேராகப் பாய்ந்து வரும் பைக்கை அது தவறவிடும், பக்கவாட்டில் பேனிங் செய்யப் போதும். பைக்குகளைச் சரிபார்க்கும் பிட் பகுதிக்குள் விடுகிற நாளிலும், பரிசு மேடையை மாலை வெளிச்சத்தில் எடுக்கும்போதும், கன்வர்ட்டரைக் கழற்றிய 70-200-க்கு என் 100-400 ஈடாகாது.